அண்ணன் ஜெயிச்ச ராத்திரி, அண்ணன் தோத்த ராத்திரி

முகமது அலிய பத்தி ஆரம்பிச்சா நம்மாளுங்க விடிய விடிய பேசுவாங்க, ஆனா அவரோட கூடப்பொறந்த தம்பியும் ப்ரொஃபஷனல் பாக்ஸர்தான்னு சொன்னா "அப்படியா?"ன்னு கேப்பாங்க. 2025 ஆகஸ்ட்ல அவர் இறந்த செய்தி வந்தப்போதான் நானே ஒழுங்கா உக்காந்து தேடிப் படிச்சேன்.

பேரு ரஹ்மான் அலி. பெத்தவங்க வெச்ச பேரு ருடால்ஃப் கிளே, வீட்ல ரூடி. லூயிவில்ல பொறந்தவரு, அண்ணன விட ஒன்றரை வயசு சின்னவர். 1954ல சைக்கிள் திருடு போயி, பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லிக் கொடுத்துட்டிருந்த ஜோ மார்ட்டின்ங்கிற போலீஸ்காரர் முன்னாடி அண்ணன் போய் நின்ன கதைதான் எல்லாருக்கும் தெரியுமே, அதுலேர்ந்து அண்ணன் ஜிம்முக்குப் போக, தம்பியும் பின்னாடியே போனாரு. சின்னப் பசங்களா இருக்கும்போது அண்ணன் தம்பிய கல்லெறியச் சொல்வாராம், இவரு எறிய எறிய அவரு வளைஞ்சு நெளிஞ்சு தப்பிப்பாராம், எவ்வளவு எறிஞ்சும் ஒண்ணு கூட படாதுன்னு ரூடியே பின்னாடி சொல்லியிருக்காரு. அலியோட ரிஃப்ளெக்ஸ புகழ்றோம், கல்லெறிஞ்சவன் யாருன்னு கேக்குறதில்ல.

சரி, இவரோட முதல் ப்ரொஃபஷனல் ஃபைட் என்னைக்கு தெரியுமா? 1964 பிப்ரவரி 25, மயாமி பீச். ஆமா, அண்ணன் முதல் தடவையா உலக சாம்பியன் ஆன அதே ராத்திரிதான். அண்டர்கார்ட்ல, அதாவது மெயின் ஃபைட்டுக்கு முன்னாடி நடக்குற சின்ன ஃபைட்டுகள்ல, சிப் ஜான்சனோட நாலு ரவுண்டு, பாயிண்ட்ஸ்ல ஜெயிச்சாரு. இன்னும் கொஞ்ச நேரத்துல அப்போதைய உலக சாம்பியன் சன்னி லிஸ்டன் முன்னாடி நிக்கப்போற அண்ணன், ரூமுக்குள்ள அடங்கி உக்காராம ஹாலுக்கு வந்து பின்னாடி நின்னு தம்பி சண்டைய பாத்திருக்காரு. இந்தக் கதையிலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். அப்புறம் லிஸ்டன் ஏழாவது ரவுண்டுக்கு ஸ்டூல விட்டு எந்திரிக்கல, 22 வயசுல அண்ணன் உலக சாம்பியன், தம்பியோட முதல் ஜெயத்த யாரு எழுதப்போறா.

(எனக்கும் ஒரு அண்ணன் இருக்கான், ஸ்கூல்ல "அவன் தம்பிதான நீ"ன்னுதான் என்னைக் கூப்பிடுவாங்க. அதனால நான் நடுநிலையெல்லாம் இல்ல, இப்பவே சொல்லிடறேன்.)

அதுக்கப்புறம் ஏழு வருஷம் தோக்கவே இல்ல. அண்ணனுக்கு ஸ்பாரிங் பார்ட்னர் (பயிற்சில எதிர்ல நின்னு சண்டை போடுறவர்), கேம்ப்ல கூடவே, நடுவுல கிடைச்சப்போ சொந்த ஃபைட்டு. 1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், அலிக்கும் அப்போதைய சாம்பியன் ஜோ ஃப்ரேஸியருக்கும் ஃபைட்டு. மறுபடி தம்பி அண்டர்கார்ட்ல. வட அயர்லாந்துக்காரன் டேனி மெக்காலிண்டன் கிட்ட ஆறு ரவுண்டுல பாயிண்ட்ஸ்ல தோத்தாரு, அதுதான் முதல் தோல்வி. அன்னைக்கே அண்ணனும் பதினஞ்சாவது ரவுண்டுல ஃப்ரேஸியரோட லெஃப்ட் ஹூக்ல விழுந்து எந்திரிச்சு, அவரும் முதல் தடவையா தோத்தாரு. ஒரே வீட்டு பசங்க ரெண்டு பேருக்கும் முதல் தோல்வி ஒரே ராத்திரி, ஒரே ரிங்ல! மெக்காலிண்டன் சும்மா ஆளும் இல்ல, அடுத்த வருஷமே பிரிட்டிஷ் சாம்பியன் ஆயிட்டாரு.

1972ல ரஹ்மான் நிறுத்திட்டாரு. 18 ஃபைட்டு, 14 ஜெயம், 3 தோல்வி, 1 டிரா. பெரிய சாம்பியன் ஆயிருப்பாருன்னு சொல்ல வரல, எதிர்ல நின்னவங்க லிஸ்ட்ட பாத்தாலே தெரியும். ஆனா ஹெவிவெயிட்ல 14 பேர ஜெயிக்கிறது சாதாரணமா? வேற வீட்ல பொறந்திருந்தா தெருவே கொண்டாடியிருக்கும்.

ஃப்ரேஸியர் ஃபைட் முடிஞ்சதும் அலியோட தாடை வீங்கி எக்ஸ்ரே எடுக்க ஹாஸ்பிட்டல் போனதெல்லாம் திரும்பத் திரும்ப எழுதிட்டாங்க. ஆறு ரவுண்டு வாங்கின தம்பி மூஞ்சி அன்னைக்கு எப்படி இருந்துச்சுன்னு எவன் பாத்தான்.