பீருக்கு நட்ட மரம்

ஜெர்மனிக்கு வந்த புதிதில் 33 டிகிரி வெயிலுக்கு அலுவலகத்தில் எல்லோரும் அலறியதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. வேலூர்க்காரனிடமா வெயிலைப் பற்றிப் பேசுகிறார்கள்? அந்தச் சிரிப்பு அன்று ராத்திரி வரைக்கும்தான் தாங்கியது. இங்கே வீடுகளைக் குளிருக்காகக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே வந்த சூடு வெளியே போகாது. தலைக்கு மேலே ஃபேன் கிடையாது, ஏசியும் கிடையாது. மூன்றாவது மாடியில் இட்லிப் பானைக்குள் வைத்த மாதிரி வெந்தோம்.

மறுநாள் படிக்கட்டில் பார்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி, "கெல்லருக்கு மேலே போங்கள்" என்றார். கெல்லர் என்றால் நிலவறை. வெயிலுக்கு நிலவறைக்குள் போ என்றாலும் ஒரு அர்த்தம் இருக்கிறது, மேலே போ என்றால்? என் ஜெர்மன் அவ்வளவுதான் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அவர் சரியாகத்தான் சொன்னார் என்று புரிய ஒரு கோடை ஆனது.

நாங்கள் இருப்பது எர்லாங்கனில். பவேரியா மாநிலத்தின் வடக்குப் பகுதியான ஃபிராங்கன் வட்டாரம். (இவர்களைப் பவேரியர்கள் என்று சொல்லிவிடாதீர்கள். 1800களின் தொடக்கத்தில்தான் பவேரியாவோடு சேர்த்தார்கள், அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.) இங்கே குளிர்சாதன இயந்திரம் வருவதற்கு முன்னால் பீர் காய்ச்சுவது குளிர்கால வேலை. குறைந்த சூட்டில் மெதுவாகப் புளிக்கிற பீர் இது, சூடு ஏறினால் கெட்டுவிடும். பவேரியாவில் 1553இல் சட்டமே போட்டார்கள், ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை காய்ச்சக் கூடாது என்று. அப்போது கோடைக்கு வேண்டிய பீரை எங்கே வைப்பது? குன்றைக் குடைந்தார்கள், அதுதான் கெல்லர். உள்ளே வருஷம் முழுக்க ஜில்லென்று இருக்கும். அதுவும் போதாமல், வெயில் தரையைச் சுடக் கூடாது என்று மேலே லிண்டன் மரங்களையும் செஸ்ட்நட் மரங்களையும் வரிசையாக நட்டார்கள். செஸ்ட்நட்டின் இலை விரித்த கை மாதிரி அகலமாக இருக்கும், வேர் அவ்வளவு ஆழம் போகாது, கீழே இருக்கும் சுரங்கக் கூரையை உடைக்காது.

ஆக, மரம் நட்டது பீருக்கு. மனிதனுக்குக் கிடைத்தது ஓசி நிழல். பீரை வாங்க வந்தவன் மரத்தடியில் உட்கார்ந்தான், அவனுக்கு ஒரு பெஞ்சு போட்டார்கள், பெண்டாட்டி பிள்ளைகளும் பின்னாலேயே வந்தார்கள். 1870களில் கார்ல் ஃபொன் லிண்டெ குளிர்சாதன இயந்திரம் செய்தபிறகு சுரங்கத்துக்கு வேலை இல்லாமல் போனது. மேலே உட்கார்ந்தவர்கள் மட்டும் எழுந்து போகவில்லை. அதனால்தான் இவர்கள் பேச்சில் கெல்லருக்கு "உள்ளே" போவதில்லை, "மேலே" போவது.

போன ஜூலை முதல் வார இறுதியில் இரண்டு நாளும் இந்த நிழல்களுக்காகவே கிளம்பினோம். நான், மனைவி, ஏழு வயது மகள். மனைவி குடிக்க மாட்டாள், மாட்டுக்கறி பன்றிக்கறியும் சாப்பிட மாட்டாள். அப்படிப்பட்டவளை ஃபிராங்கனில் எங்கே கூட்டிப் போவாய் என்று நண்பன் கேட்டான். அவனுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சனிக்கிழமை பாம்பெர்க். எர்லாங்கனிலிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணி நேரம். கார் வேண்டாம், ஓட்டுகிறவன் பாவம். ஊர் 1993லிருந்து யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ரெக்னிட்ஸ் ஆற்றின் நடுவில் பாலத்தோடு ஒட்டி நிற்கும் பழைய நகரமன்றம்தான் எல்லோர் போட்டோவிலும் வருவது. அதன் சுவர் ஓவியத்தில் ஒரு குட்டித் தேவதையின் கால் மட்டும் சிலையாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மகள் அந்தக் காலைப் பார்த்து அரை மணி நேரம் சிரித்தாள். எனக்கு அவசரம் வேறு.

ஷ்லெங்கர்லா. 1405லிருந்தே ஆவணங்களில் இருக்கும் பீர் விடுதி. இங்கே ஊற்றுவது ரௌக்பியர், அதாவது புகை பீர். முளைகட்டிய பார்லியை பீச் (beech) மரக்கட்டை எரியும் தீயின் மேல் புகையிலேயே காய வைக்கிறார்கள். ஒரு காலத்தில் பெரும்பாலான ஊர்களில் இப்படித்தான். புகை படாமல் காய வைக்கும் உலைகள் வந்ததும் மற்றவர்கள் மாறிக்கொண்டார்கள். பாம்பெர்க்கில் ஷ்லெங்கர்லாவும் ஸ்பெட்சியால் என்ற இன்னொரு பீர் ஆலையும் மாறவே இல்லை. மரப்பீப்பாயிலிருந்து நேராகக் கண்ணாடிக் குவளைக்கு வருகிறது. கருஞ்சிவப்பு நிறம். முதல் வாயிலேயே எனக்கு எங்கள் ஆயா நினைவுக்கு வந்துவிட்டார். விறகடுப்பில் பால் காய்ச்சும்போது சில நாள் புகை பிடித்துவிடும். "பால்ல பொகை நாத்தம், ஒருத்தரும் குடிக்க மாட்டீங்க" என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டே அதை மோருக்கு உறை ஊற்றிவிடுவார். அங்கே குற்றம், இங்கே அறுநூறு வருஷப் பெருமை.

மூன்றாவது குவளையில்தான் பிடிக்க ஆரம்பிக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். எனக்கு இரண்டாவதிலேயே பிடித்தது. தொட்டுக்கொள்ள பாம்பெர்க் வெங்காயம்: பெரிய வெங்காயத்தைக் குடைந்து உள்ளே கொத்துக்கறி அடைத்து, அதே புகை பீரில் செய்த குழம்பை ஊற்றிக் கொடுப்பது. கறியைவிட அந்த வெங்காயம் பிரமாதம், வாயில் வைத்ததும் கரைகிறது. மனைவி வெளியே தெருவில் மகளுக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துக்கொண்டு, "ஏங்க, உங்க சட்டையெல்லாம் கருவாடு சுட்ட வாசனை" என்றாள். புகார் மாதிரிதான் இருந்தது.

சாயங்காலம் ஷ்டெஃபான்ஸ்பெர்க் குன்றில் ஏறி ஸ்பெட்சியால் கெல்லருக்குப் போனோம். மர நிழலில் நீள மேசைகள், கீழே ஓட்டுக் கூரைகள், எதிரே தேவாலயத்தின் நான்கு கோபுரங்கள். இங்கும் புகை பீர்தான், ஆனால் புகை தூரத்துத் தெருவில் யாரோ எரிப்பது போலத்தான் தெரிகிறது. மென்மையானதைத் தேடுபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம். மூன்று தலைமுறை ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தது. பாட்டி கையில் குவளை, பேரன் கையில் ஆப்பிள் ஜூஸில் சோடா. யாரும் தலையைக் குனிந்துகொண்டு அவசரமாக விழுங்கிவிட்டு ஓடவில்லை. நம் ஊர் டாஸ்மாக் வாசல் மனசில் வந்து போனது. சரி, அது வேறு கதை.

கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகளில் கைப்பக்குவமாகக் காய்ச்சும் பீர், என்ற சொல்லை இவர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. 80,000 பேருக்கும் குறைவான ஊரில் பத்துக்கும் மேல் பீர் ஆலைகள், அவற்றில் பல குடும்பத் தொழில், நடுத்தெருவில் வீடு, பின்கட்டில் கொப்பரை. இதற்கு மேல் என்ன கிராஃப்ட்? உலகெங்கும் புதிதாகக் கிளம்பிய கிராஃப்ட் பீர்க்காரர்கள் மால்ட் (முளைகட்டிக் காய வைத்த பார்லி) வாங்கும் வையர்மன் நிறுவனமும் இந்த ஊர்தான். 1879இல் தொடங்கியது, அதன் சிவப்பும் மஞ்சளுமான செங்கல் கட்டடம் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. மாம்பழம், காபி, மிளகாய் எல்லாம் போட்ட பீர் பெங்களூரிலும் பெர்லினிலும் குடித்திருக்கிறேன். வேடிக்கையாக இருக்கும், இரண்டாவது வாங்கத் தோன்றாது. இங்கே பீரில் மால்ட், ஹாப்ஸ் (கசப்புக்குப் போடும் கொடிப் பூ), தண்ணீர் மட்டும்தான் என்று பாம்பெர்க் ஆயர் 1489இல் கட்டளை போட்டார். பவேரியாவின் புகழ்பெற்ற 1516 பீர் தூய்மைச் சட்டத்துக்கு 27 வருஷம் முந்தியது என்று கேட்காமலேயே சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வால்பெர்லா மலை. ஃபோர்ஷ்ஹைமில் சின்ன ரயிலுக்கு மாறி கிர்ஷேரன்பாக்கில் இறங்கி நடக்க வேண்டும். இந்த வட்டாரப் பேச்சில் எதற்கும் ஒரு "லா" ஒட்டிவிடுவார்கள், செல்லமாகச் சொல்வது. அரை லிட்டர் பீர் சைட்லா, ரொட்டி வெக்லா, மலை வால்பெர்லா. மகள் அன்று முழுக்க "அப்பாலா, தண்ணிலா" என்றுதான் பேசினாள். 532 மீட்டர் உயரம்தான், தட்டையான உச்சி, கெல்டுகள் என்ற பழைய ஐரோப்பிய இனத்தார் கி.மு. காலத்தில் கோட்டை கட்டி வாழ்ந்த இடம், இப்போது புல்லும் ஒரு சிறு தேவாலயமும். உச்சியில் நிழல் சுத்தமாக இல்லை. பதினோரு மணிக்கு ஏறத் தொடங்கியது என் முட்டாள்தனம்.

இறங்கும் வழியெல்லாம் செர்ரித் தோட்டம். இந்தச் சரிவுகள் ஐரோப்பாவிலேயே பெரிய செர்ரி வட்டாரங்களில் ஒன்று. ஜூலையில் பழம் கறுத்துத் தொங்குகிறது, பறிக்கக் கூடாது, தோட்டக்காரர்கள் சாலை ஓரத்தில் மேசை போட்டு விற்கிறார்கள். கடையில் வாங்கும் செர்ரியை இனிமேல் எப்படிச் சாப்பிடப் போகிறேனோ. கடித்தால் சதை பட்டென்று உடைகிறது, நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு கறுத்துவிடுகிறது. இரண்டு கிலோ வாங்கினேன். பர்சில் இருந்த கடைசி நோட்டு அதற்குப் போனது.

அது முக்கியமான தகவல். ஏனென்றால் ஃபோர்ஷ்ஹைமுக்குத் திரும்பி, ஸ்டேஷனிலிருந்து அரை மணி நேரம் நடந்து கெல்லர்வால்டுக்கு, அதாவது கெல்லர்க் காட்டுக்குப் போய்ச் சேர்ந்து, வரிசையில் நின்று, ஒரு சைட்லாவும் ஒரு ஆப்பிள் சோடாவும் கேட்டு, கார்டை நீட்டினால், கவுண்டரில் இருந்தவர் ஒரு பலகையைக் காட்டினார். ரொக்கம் மட்டும். குவளைக்கு முன்பணம் வேறு. கடைசியில் மகளின் யானை பர்சைத் திறந்து பிறந்தநாள் காசில் கடன் வாங்கினோம். வட்டி இரண்டு ஐஸ்கிரீம் என்று அங்கேயே பேசி முடித்துவிட்டாள்.

காட்டுக்குள் இருபதுக்கு மேல் கெல்லர்கள், மேல் வரிசை கீழ் வரிசை என்று. ஜூலைக் கடைசியில் 11 நாள் ஆன்னா திருவிழா நடக்கும், 1840லிருந்து. அப்போது கால் வைக்க இடமிருக்காது. அதற்கு முந்தைய வாரங்கள்தான் நமக்குச் சரி. மரத்தடிக்குள் நுழைந்ததும் சூடு சட்டென்று கழன்று விழுகிறது. பாறையில் பதித்த மரக்கதவு திறந்திருந்தால் உள்ளேயிருந்து ஜில் காற்று கணுக்காலில் படும். நான் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

இந்த ஊர்களின் பழைய வழக்கம் ஒன்று, சாப்பாட்டை வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வரலாம், பீர் மட்டும் அவர்களிடம் வாங்கினால் போதும். மியூனிக்கில் 1812இல் அரசரே உத்தரவு போட்டார், கெல்லரில் ரொட்டியைத் தவிர வேறு உணவு விற்கக் கூடாது என்று. ஓட்டல்காரர்களின் பிழைப்பைக் காப்பாற்றத்தான். எல்லாக் கெல்லரிலும் இப்போது அனுமதி இல்லை, உட்காரும் முன் கேட்டுவிடுவது மரியாதை. நாங்கள் கேட்டோம், தலையசைத்தார்கள். மனைவி எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், மோர்மிளகாய் எல்லாம் எடுத்து வைத்தாள். அதோடு கவுண்டரில் ட்சீபெலஸ்கேஸ் ஒரு தட்டு வாங்கினோம். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் போன்ற பாலாடைக்கட்டியில் பொடியாக நறுக்கிய வெங்காயம். பச்சடிதான். கறுப்பு ரொட்டியோடு கொடுப்பார்கள், எலுமிச்சை சாதத்துக்கு அதைவிட நன்றாகப் பொருந்தியது.

எதிர்ப் பெஞ்சில் ஒரு வயதான தம்பதி. கட்டம் போட்ட துணியை விரித்து, வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாக அறுத்து, உப்புப் போட்டு, சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்ப்பதைத் தாத்தா பார்த்துவிட்டார். "அழ வேண்டும்" என்றார். யார்? முள்ளங்கி. உப்புப் பட்டுத் தண்ணீர் விட்டு அழுதபிறகுதான் காரம் இறங்குமாம். அழுது முடித்ததும் இரண்டு சுருளை எங்கள் பக்கம் தள்ளினார். பதிலுக்கு என்ன கொடுப்பது? மனைவி மோர்மிளகாயை நீட்டினாள். நான் ஜெர்மனில் எச்சரித்தேன், அவர் காதில் வாங்கவில்லை. முழுசாக ஒன்றை வாயில் போட்டு மென்றார். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கோத்தது, குவளையைத் தூக்கிப் பாதியை இறக்கினார்.

"அவரும் அழறாரு, அப்பா" என்றாள் மகள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர், "பஸ்ட் ஷோ" என்றார். 'பரவாயில்லை' என்று அர்த்தம். ஃபிராங்கனில் இதற்கு மேல் பாராட்டு கிடையாது, திட்டாமல் இருந்தாலே புகழ்ந்ததாகக் கணக்கு. அப்புறம் இன்னொரு மிளகாய் எடுத்தார். அவர் மனைவி மட்டும் நுனியைக் கிள்ளி, பீரில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். கெட்டிக்காரி. உப்பும் புளிப்பும் காரமுமாக அந்த வடிகட்டாத பீருக்கு மோர்மிளகாயைப் போலத் தொடுகறி வேறு இல்லை என்பது என் கட்சி. டப்பாவில் மிச்சமிருந்ததை அவர்களிடமே கொடுத்தோம். காகிதத்தில் கொட்டிக்கொண்டு டப்பாவைப் பிறகு தருகிறேன் என்று அந்த அம்மா சைகை காட்டினார்.

ஒன்பதரை மணிக்குத்தான் சூரியன் போனது. மரங்களுக்கிடையில் கட்டிய விளக்குகள் எரிந்தன. மகள் மடியில் தூங்கிவிட்டாள், சட்டை முழுக்கச் செர்ரிக் கறை. கிளம்பும்போது அந்த அம்மா ஓடி வந்து டப்பாவை மனைவியின் பையில் வைத்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்து கழுவ எடுத்தபோது டப்பா கனத்தது. திறந்தால் நாலு சிவப்பு முள்ளங்கி, மண் கூடச் சரியாகப் போகவில்லை, பக்கத்தில் காகிதத்தில் மடித்த உப்பு.

"பாத்தீங்களா, வெறும் டப்பாவா திருப்பித் தரல" என்றாள் மனைவி.