பாட்டு வரிக்கு சென்சாரில் ஆட்சேபம் வந்தால்

சினிமாப் பாட்டை சென்சார் தாண்டவைக்கும் வேலை ரெக்கார்டிங் அன்றே தொடங்கிவிடுகிறது. அரசியல் வாடை அடிக்கும் வரி இருந்தால், அதே மெட்டில் ஒரு மாற்று வரியையும் அன்றே பாடவைத்து எடுத்துவிடுவோம். பிறகு கூப்பிட்டால் பாடகரின் தேதி கிடைக்காது. கிடைத்தாலும் குரல் அதே பதத்தில் இருக்காது. மாற்றுச் சொல்லில் குறில் நெடில் ஒத்துவரவேண்டும். ப, ம வரும் இடத்தில் உதடு ஒட்டும். அங்கே க போட்டால் குளோசப்பில் தெரிந்துவிடும்.

விண்ணப்பத்தோடு பாடல் வரிகளும் முழுசாகப் போகவேண்டும். கோரஸில் வரும் கோஷத்தை விட்டுவிட்டுத் தட்டச்சு செய்தால் தேவையில்லாத சந்தேகம் கிளம்பும்.

ஆட்சேபம் வந்ததும் காரணம் என்னவென்று பாருங்கள். 1952ஆம் ஆண்டுத் திரைப்படச் சட்டத்தில், எதற்காகச் சான்றிதழ் மறுக்கலாம் என்று சொல்லும் 5பி பிரிவில் இறையாண்மை, பொது ஒழுங்கு, அவதூறு, நீதிமன்ற அவமதிப்பு எல்லாம் உண்டு. ஆட்சியைக் கிண்டலடிப்பது அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பெயர், சின்னம், கொடி நிறம் மூன்றும் ஒரே சரணத்தில் வந்தால் அவதூறு என்பார்கள்; சமாளிப்பது கஷ்டம்.

அடுத்தது, படத்தைத் திரும்பப் பார்க்கும் சென்சாரின் மறுபரிசீலனைக் குழு. அதற்கு மேலிருந்த மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தை 2021இல் கலைத்துவிட்டார்கள். இப்போது 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ரிலீஸ் தேதி அறிவித்துவிட்ட தயாரிப்பாளர் எங்கே போவார்? மியூட் பண்ணச் சொல்லிவிடுவார். பல அரசியல் வரிகள் சட்டத்தால் அல்ல, இந்த அவசரத்தால்தான் போகின்றன.

எழுத்தில் வரும் ஆட்சேபத்துக்காவது பதில் எழுதலாம். 1976இல், நெருக்கடி நிலையின்போது, அரசின் பிரசார நிகழ்ச்சிக்கு இணங்க மறுத்த இந்திப் பாடகர் கிஷோர் குமாரின் பாடல்களை அகில இந்திய வானொலியும் தூர்தர்ஷனும் நிறுத்தின. எந்த வரியிலும் குற்றம் காணவில்லை. எதைத் திருத்திக் கொடுப்பது?

மியூட் செய்வதற்குக் குரல் ட்ராக் தனியாக இருக்கவேண்டும். கலந்த ட்ராக்கில் கைவைத்தால் தாளமும் சேர்ந்து அறுந்துவிடும். ரிவெர்ப் (குரலுக்குச் சேர்க்கும் எதிரொலி) தனி ட்ராக்கில் இருந்தால் அதையும் வெட்டுங்கள். இல்லாவிட்டால் நீக்கிய சொல் பின்னால் உள்ள ஸ்பீக்கர்களில் எதிரொலியாகக் கேட்கும். சப்டைட்டிலையும் மறக்கவேண்டாம்.

தனி ஆல்பத்தை யூடியூபில் போட சென்சார் சான்றிதழ் தேவையில்லை. கேபிள் டிவியில் மியூசிக் வீடியோவாக ஓடவேண்டுமானால் வாங்கியாகவேண்டும். முதலிலேயே திட்டமிட்டு விண்ணப்பியுங்கள்.