வாசலில் மரத்தளம்: 480 ஸ்க்ரூ, இரண்டு தடவை

2024 செப்டம்பரில் 480 ஸ்க்ரூ முடுக்கினோம். அக்டோபரில் அத்தனையையும் கழற்றினேன். அப்புறம் புதிதாக 480 வாங்கி மறுபடி முடுக்கினேன். சிமெண்ட் வாசலுக்கு மேல் மரத்தளம் போட நினைப்பவர்கள் யாரும் இந்த அலைச்சல் படக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், கடற்கரைக்கு நடந்தே போய்விடலாம். வாசல் தரை 12க்கு 8 அடி. அப்பாவுக்கு 78 வயது, சாயங்காலம் அங்கேதான் நாற்காலி போட்டு உட்காருவார். பகலில் குடித்த வெயிலை சிமெண்ட் இருட்டும் வரை கக்கும். ஐப்பசி வந்தால் பாசி பிடித்து வழுக்கும். அதனால்தான் மரம்.

தேக்கு விலை கட்டுப்படியாகாமல் வேங்கைக்குப் போனேன். 96 சதுர அடிக்கு ஒரு அங்குலப் பலகை என்றால் 8 கன அடி. அடியில் போடும் சட்டம் 2க்கு ஒன்றரை அங்குலம், 16 அங்குலத்துக்கு ஒன்று வீதம் பத்து, அதற்கு ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவான கன அடி. சேதாரத்தோடு 11 கன அடி வாங்கினேன். மரவாடியில் சொல்லும் ஒரு அங்குலம் அறுத்த கணக்கு என்பது இழைத்து வந்த பிறகுதான் உறைத்தது: கையில் இருந்தது 20 மில்லிமீட்டர். சட்டம் நெருக்கமாக இருந்ததால் அது தாங்கும். ஆனால் இழைத்த பிறகு எவ்வளவு நிற்கும் என்று முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். ஆறு பலகையில் ஓரமெல்லாம் வெளிறு, அதாவது வைரம் பாயாத வெளிமரம். கரையான் முதலில் வாய் வைப்பது அங்கேதான். திருப்பிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள், வண்டி வாடகை மட்டும் என் தலையில். கடைக்காரர் முகம் சுளித்தாலும் ஒவ்வொரு பலகையையும் புரட்டிப் பார்த்து, வைரம் பாய்ந்ததாக எடுங்கள்.

தச்சர் கதவு, ஜன்னல் வேலையில் நல்ல கை. வெளித்தரை அவருக்குப் புதிது என்பதை நான் யோசிக்கவில்லை. வாசல் தரை சுவரிலிருந்து தெருப்பக்கம் வாட்டமாக இருக்கிறது. சட்டம் அந்த வாட்டத்தோடு நீளவாக்கில் போக வேண்டும், அப்போதுதான் இடையில் தண்ணீர் ஓடும் என்று சொல்லியிருந்தேன். அப்படியே போட்டார். ஆனால் நான் வேலைக்குப் போயிருந்த நாளில், மிச்சமிருந்த கட்டைகளை வெட்டி, சட்டங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டமும் அடித்துவிட்டார். "ஆடாம நிக்கட்டும்னுதான் சார்." நல்ல எண்ணம்தான். நான் திரும்பி வந்தபோது பாதிக்கு மேல் பலகை ஏறியிருந்தது, அடியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டே வாரத்தில் ஒரு சாயங்கால மழை. மறுநாள் பலகை காய்ந்துவிட்டது. நாலாம் நாள் வாடை, கொசு. இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தண்ணீர் நிற்கிறது. ஒவ்வொரு குறுக்குச் சட்டமும் ஒரு வரப்பு!

அதே மழையில் இன்னொன்றும் தெரிந்தது. வேங்கைக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நிறம் மாறும், சர்க்கரை நோய்க்கு என்று அதைக் குடிப்பவர்கள் உண்டு. அந்தச் சாறு எங்கள் வெள்ளை டைல்ஸ் படியெல்லாம் பழுப்பாக இறங்கியிருந்தது. பலகையைக் கொல்லையில் வைத்து நாலைந்து முறை நனைத்துக் காயவிட்ட பிறகு பொருத்துங்கள்.

மூன்றாவது சிக்கல், ஸ்க்ரூ. 'எஸ்எஸ்', அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். மாதம் முடிவதற்குள் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் கறுப்பு வளையம். துருவும் மரத்தின் துவர்ப்பும் சேர்ந்தால் அப்படித்தான் கறுக்கும். காந்தம் வைத்தேன், பச்சென்று ஒட்டியது. 410 ரகம். உப்புக்காற்றுக்கு 316 வேண்டும், குறைந்தது 304. அவை காந்தத்தில் அனேகமாக ஒட்டாது. கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு காந்தம் இருக்கட்டும்.

கழற்றும்போது முப்பதுக்கு மேல் முறிந்து மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டன. துளை போடாமல் நேராக முடுக்கியதன் பலன். வேங்கைக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் முதலில் துளை போட்டே ஆக வேண்டும்.

இரண்டாம் தடவை தச்சரும் கூடவே நின்றார், அந்த இரண்டு நாளுக்குக் கூலி வாங்கவில்லை. குறுக்குச் சட்டம் எல்லாவற்றையும் எடுத்தோம். பஞ்சர் கடையில் பழைய லாரி டியூப் வாங்கித் துண்டு போட்டு, சட்டம் தரையைத் தொடாதபடி அடியில் வைத்தோம். சட்டத்துக்கும் வெட்டுமுனைகளுக்கும் பண்ருட்டிப் பக்கமிருந்து வாங்கிய முந்திரி ஓட்டு எண்ணெய். கையுறை இல்லாமல் அதைத் தொடாதீர்கள், தோல் வெந்துவிடும். பலகைக்கு நடுவே 5 மில்லிமீட்டர் இடைவெளி. மேலே வார்னிஷ் வேண்டாம், வெயிலில் உரியும். ஆளிவிதை எண்ணெய் போதும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காய வையுங்கள், சுருட்டினால் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். கறுப்பு வளையங்கள் ஆக்சாலிக் அமிலத்தில் பெரும்பாலும் போய்விட்டன.

இன்னொன்று, கிரில் கேட். உள்பக்கம் திறக்கும் கேட், தரை இரண்டரை அங்குலம் உயர்ந்தால் இடிக்கும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. வெல்டரைக் கூப்பிட்டு அடியில் வெட்டினோம். மேல்படியும் அதே அளவு உயர்ந்து, அப்பா ஒரு தரம் தடுக்கினார். மேஸ்திரி வந்து கீழ்ப்படிகளை ஏற்றிக் கொடுத்தார். பலகை வாங்குவதற்கு முன்பே கேட், படி, நிலைப்படி மூன்றையும் அளந்துவிடுங்கள்.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரண்ட் இல்லை. காற்று கொஞ்சம் அடங்கியதும் கதவைத் திறந்து டார்ச் அடித்தேன். பலகைக்கு அடியிலிருந்து, முன் விளிம்பு முழுக்க, ஒரே சீராகத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. எங்கும் தேங்கவில்லை. அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன்.