பளு தூக்கியவர் உருட்டிய பந்து

அசாம் மாநிலம் கோலாகாட்டைச் சேர்ந்த நயன்மோனி சைகியா, தொடக்கத்தில் பளுதூக்கும் வீராங்கனை. காலில் பட்ட காயம் அந்த வழியை அடைத்துவிட்ட பிறகே புல்தரையில் பந்து உருட்டி ஆடும் லான் பவுல்ஸ் விளையாட்டுக்கு வந்தார். 2014இல் கிளாஸ்கோவிலும் 2018இல் கோல்டு கோஸ்டிலும் நடந்த காமன்வெல்த் போட்டிகளில் ஆடிப் பதக்கமின்றித் திரும்பியவர், 2022 ஆகஸ்ட் 2 அன்று இங்கிலாந்தின் லீமிங்டன் ஸ்பாவில் நால்வர் கொண்ட மகளிர் அணியில் ஒருவராகத் தங்கம் வென்றார். இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் பதக்கமே அதுதான்.

காரைக்குடிப் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்குக் கபடி கற்றுத்தரும் உடற்கல்வி ஆசிரியை நான். முழங்கால் தசைநார் கிழிந்ததும், "இனி விளையாட்டு வேண்டாம்" என்று வீட்டார் நிறுத்திவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் நயன்மோனியின் நினைவு வருகிறது. அந்த அணியின் தலைவியாக, கடைசியில் பந்து உருட்டும் 'ஸ்கிப்' இடத்தில் நின்ற ராஞ்சியின் ரூபா ராணி திர்கியும் முன்பு கபடி ஆடியவர். முதலில் உருட்டிய லவ்லி சௌபே ஓட்டப்பந்தயத்திலிருந்து வந்து ஜார்க்கண்ட் காவல்துறையில் பணியாற்றியவர். இரண்டாமவரான பிங்கி டெல்லியில் என்னைப் போலவே உடற்கல்வி ஆசிரியை.

ஜாக் எனப்படும் சிறு பந்தைக் குறைந்தது 23 மீட்டர் தொலைவில் நிறுத்தி, பெரிய பந்துகளை அதன் அருகே கொண்டுசேர்ப்பதே ஆட்டம். பெரிய பந்து ஒரு பக்கம் சாயும்படி வடிவமைக்கப்பட்டிருப்பதால் நேராக ஓடாது. வேகம் குறையக் குறைய உள்ளே வளையும். எனவே இலக்கைப் பார்த்து உருட்டாமல், இலக்குக்கு வெளியே ஓரிடத்தைக் குறிவைத்து, அது எங்கே திரும்பும், எங்கே நிற்கும் என்று முன்கூட்டியே கணிக்க வேண்டும். கால்வலுவைக் காட்டிலும் கணிப்புக்கும் நிதானத்துக்கும் இங்கே மதிப்பு அதிகம் என்பதால், முப்பது வயதைக் கடந்தும் உலகத் தரத்தில் ஆடமுடிகிறது. தென்னாப்பிரிக்காவுக்கு எதிரான இறுதியாட்டத்தில் 8-2 என முன்னிலை பெற்றிருந்த நம் அணி, பின்னர் 8-10 எனப் பின்தங்கியது. அதன்பின் எதிரணிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் ஒன்பது புள்ளிகளைச் சேர்த்து 17-10 என்று முடித்தார்களே, அந்த நிதானத்தைத்தான் நான் என் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நயன்மோனிக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

செட்டிநாட்டின் செம்மண்ணில், ஊருணியே கோடையில் வற்றும்போது, புல்தரை வளர்ப்பது இயலாத காரியம். ஆனால் செயற்கை விரிப்பிலும் இதை ஆடுகிறார்கள். நீளமான பள்ளி அரங்கமோ திருமண மண்டபமோ பயிற்சிக்குப் போதும். பந்துகள்தாம் இங்கே எளிதில் கிடைப்பதில்லை. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இந்த விளையாட்டு வேரூன்றியிருக்கிறது. அங்கே உறவினர் இல்லாத வீடு நம் பகுதியில் குறைவு. பழைய பந்துகளை யாரேனும் வாங்கிவர முன்வந்தால், உருட்டும் பந்துகளிலேயே சிறிய அளவாகப் பார்த்து வாங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்; பெரிய அளவுப் பந்து பள்ளிப் பிள்ளைகளின் கைப்பிடிக்கு அடங்காது.