கூரையில் சோலார் இருந்தும் இருட்டு: கல்லடி வீட்டில் ஹைபிரிட் இன்வேர்ட்டர் பூட்டிய கதை

2025 பெப்ரவரி 9, ஞாயிறு பகல். முழு இலங்கைக்கும் கரண்ட் போனது. மட்டக்களப்பு, கல்லடியில் உள்ள எங்கள் வீட்டுக் கூரையில் 5 கிலோவாற் சோலார் இருந்தும் ஃபேன் சுற்றவில்லை. பக்கத்து வீட்டு மாமி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "உங்களுக்கென்ன மகன், சூரியன் இருக்குதானே" என்றார்.

இன்வேர்ட்டர்தான் சோலார் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் பெட்டி. மின்சார சபை லைனோடு சேர்ந்து ஓடும் சாதாரண இன்வேர்ட்டர், லைனில் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் இருந்தால்தான் வேலை செய்யும். லைன் நின்றால் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால், கம்பத்தில் ஏறியிருப்பவருக்கு எங்கள் கூரைக் கரண்ட் அடிக்கும். ஆக, அது கோளாறு இல்லை. வீட்டுக்கு மட்டும் தனியாகக் கரண்ட் வேண்டுமென்றால் பற்றரியும், சோலார், பற்றரி, லைன் மூன்றையும் சேர்த்து நடத்தும் ஹைபிரிட் இன்வேர்ட்டரும் தேவை.

விலை கேட்கப் போன இடமெல்லாம் பற்றரியின் பெருமைதான். ஒரு தம்பி மட்டும், "அண்ணன், கரண்ட் போனா என்னென்ன ஓடணும்? எழுதித் தாங்க" என்றார். வேலையை அவரிடமே கொடுத்தேன். ஃப்ரிட்ஜ், ஃபேன், லைற், வைஃபை எல்லாம் சேர்த்து சராசரி 300 வாற். கிணற்று மோட்டரை அவர் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டார். ஓடும்போது ஒரு கிலோவாற் அளவில் இழுப்பது, கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு இழுக்குமாம். பற்றரிக்குள் 3.2 வோல்ற் லித்தியம் செல்கள் 16 தொடராக இருக்கின்றன. 51.2 வோல்ற், 100 அம்பியர் மணி, அதாவது 5.12 கிலோவாற் மணி. அடிவரை உறிஞ்சாமல், இன்வேர்ட்டர் தின்பதையும் கழித்தால் ஓர் இரவு தாங்கும்.

சபையோடு செய்த ஒப்பந்தத்தில் பழைய இன்வேர்ட்டரின் விபரம் இருந்ததால், புதியதன் சான்றிதழ்களோடு கடிதம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம்.

உண்மையான வேலை வயரிங்கில்தான். ஹைபிரிட்டில் கரண்ட் போனாலும் உயிரோடிருக்கும் வெளியீடு ஒன்று தனியாக உண்டு. அதற்கு ஒரு சின்ன போர்ட் பூட்டி, தேவையானவற்றை அதற்கு மாற்றினார்கள். சுவிச்சைப் போட்டதும் ட்ரிப் சுவிச் விழுந்தது. திரும்பப் போட்டார்கள், திரும்ப விழுந்தது. தம்பி ஒவ்வொரு வயராகக் கழற்றி மீற்றரால் பார்த்தார். அறை ஃபேனுக்குக் கரண்ட் போகும் லைவ் வயர் புதிய போர்டுக்கு வந்திருக்கிறது, திரும்பி வரும் நியூட்ரல் வயர் பழைய போர்டிலேயே நிற்கிறது. போன கரண்ட் அதே வழியால் திரும்பி வராவிட்டால் ட்ரிப் சுவிச் அதைக் கரண்ட் ஒழுக்கு என்றே எடுக்கும். பழைய வீடு என்றால் இந்த நியூட்ரல் பிரிப்புக்கு ஒரு முழு நாளை ஒதுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் செற்றிங். பற்றரி வகையை லித்தியம் என்று மாற்றி, பற்றரிக்கும் இன்வேர்ட்டருக்கும் நடுவே பேசும் கேபிளையும் கொழுவினார். அது இல்லாமலும் ஓடும். ஆனால் செல்லுக்குள் என்ன நடக்கிறதென்று இன்வேர்ட்டருக்குத் தெரியாது. பெட்டியை வெளிச்சுவரில் வைக்க நான் கேட்டேன், அவர் மறுத்தார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி; இன்வேர்ட்டருக்குள் இருக்கும் ஃபேன் உப்புக் காற்றை இழுத்தால் அதன் சர்க்கிட் போர்ட் துருப்பிடித்துவிடும். அதனால் காற்றோட்டமான உள்ளறையில் வைத்தோம்.

மெயினை இறக்கிப் பார்த்தோம். லைற் ஒருமுறை சிமிட்டியது, ஃபேன் நிற்கவில்லை.

மோட்டர் மட்டும் இன்னும் பழைய போர்டில். கரண்ட் போனால் தாங்கியில் உள்ள தண்ணீர்தான். மனைவிக்கு அதில் திருப்தியில்லை. சோலாரில் நேரடியாக ஓடும் டிசி மோட்டருக்கு விலை கேட்டிருக்கிறோம்.