வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தோம்

வங்கியிலிருந்து விருப்ப ஓய்வு பெற்று, 48 வயதில் ஒரு மிஷன் மருத்துவமனையில், நோயாளிகளின் அருகிருந்து ஆறுதல் சொல்லும் நோயாளர் ஊழியப் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, முதல் நாளே என் கையில் கோடு போட்ட நோட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். நோயாளர் ஒருவரைச் சந்தித்துத் திரும்பியதும், அவர் பேசியதையும் நான் பேசியதையும், இடையில் இருவரும் பேசாமல் இருந்த நேரத்தையும்கூட, நினைவிலிருந்து வரிவரியாக அதில் எழுத வேண்டும். வாரம் ஒருமுறை அதைச் சக பயிற்சியாளர்கள் முன்னிலையில் வாசிக்க வேண்டும். அமெரிக்காவின் வொர்ஸ்டர் மனநல மருத்துவமனையில், ஆன்டன் பாய்சன் என்ற போதகர் 1925-இல் இறையியல் மாணவர்களை நோயாளிகளிடையே பழகவிட்டுத் தொடங்கிய பயிற்சியின் வழியில் வந்த முறை இது. பாய்சன் தாமே மனநோயால் மருத்துவமனையில் அடைபட்டுக் கிடந்தவர். அந்தக் கோடையில் அவருக்கும் வயது 48 என்று அறிந்தபோது எனக்குச் சற்றுத் தெம்பு வந்தது.

என்னுடைய மூன்றாவது பதிவை வாசித்த நாளில், பயிற்றுநரான ஐயர் (போதகரை எங்கள் சபையில் அப்படித்தான் அழைப்போம்) ஒரே ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடிட்டார். ஈரலில் புற்றுநோய் முற்றிப் படுத்திருந்த பெரியவர், “தம்பி, நான் இனி வீட்டுக்குப் போவேனா?” என்று கேட்டிருந்தார். அதற்கு அடுத்த வரியில், “ஜெபம் பண்ணுவோமா, ஐயா?” என்று நான் சொன்னதாக என் கையெழுத்திலேயே இருந்தது. “இந்த ஜெபம் யாருக்காக?” என்று ஐயர் கேட்டார். வேறொன்றும் அவர் சொல்லவில்லை.

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்ததும் இதுதான். அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய். அவரிடம் வயிற்றுப்புண் என்று சொல்லி வைத்திருந்தோம். அந்தப் பொய்யைக் காப்பதற்காகப் பரிசோதனை அறிக்கைகளைப் பீரோவில் பூட்டினோம். பார்க்க வந்த உறவினர்களை வாசலிலேயே நிறுத்தி, எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று பாடம் நடத்திய பிறகுதான் உள்ளே விட்டோம். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகம் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடித்த வாத்தியாரிடம் இந்த நாடகம் எத்தனை நாள் செல்லும்? ஓர் இரவில், “எனக்கு என்னதாம்ல செய்யுது?” என்று என்னிடம் கேட்டார். நான் வேதப்புத்தகத்தைத் திறந்து 91-ஆம் சங்கீதத்தை வாசிக்கத் தொடங்கினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அதற்குப் பின் இறக்கும்வரை எவரிடமும் அதைக் கேட்கவில்லை.

இந்த ஊழியத்துக்குக் கடவுள் என்னை எப்படி அழைத்தார் என்று சபையில் விசாரிக்கிறவர்கள் ஒரு தரிசனத்தையோ, உபவாசக் கூட்டத்தில் கிடைத்த வசனத்தையோ எதிர்பார்க்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்ட அந்த முகத்தைத் தவிர அவர்களிடம் சொல்வதற்கு என்னிடம் எதுவும் இல்லை. குருப்பட்டம் பெறும் வயதை நான் தாண்டிவிட்டேன் என்று சொல்லிவிட்டார்கள். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வழி என்ன என்று என் மனைவி கேட்டதுதான் நான் எதிர்கொண்ட கேள்விகளிலேயே நியாயமானது. பணிக்கொடையில் ஒரு பகுதியை அதற்கென்று ஒதுக்கி வைத்த பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட்டேன்.

பயிற்சியில் நான் தாமதமாகப் புரிந்துகொண்டது, வலி தணியாத மனிதரின் காதில் சங்கீதம் ஏறாது என்பதை. லண்டனில் செவிலியராகவும் பின்பு மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்த சிசிலி சாண்டர்ஸ், 1948-இல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதரின் கடைசி நாட்களில் அவரோடு பேசிக்கொண்டிருந்தவர். டாஸ்மா விட்டுச்சென்ற 500 பவுண்டை வித்தாக வைத்து, நாற்பதை நெருங்கும் வயதில் மருத்துவராகத் தேறி, இறுதி நாட்களில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தை 1967-இல் திறந்தார். வலி வந்து நோயாளர் கெஞ்சும்வரை காத்திராமல், அபினிலிருந்து எடுக்கும் வலிமருந்தான மார்ஃபினை நேரம் தவறாமல் கொடுத்து வலியை அண்டவிடாமல் வைப்பது அவர் நிலைநாட்டிய வழக்கம். நம் நாட்டில் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை மருத்துவமனைகளுக்கே எட்டாததாக்கியது. 2014-இல் வந்த திருத்தம் உரிமம் பெறுவதை எளிதாக்கியது. சட்டம் இளகினாலும் வீடுகளில் பயம் இளகவில்லை. மார்ஃபின் தொடங்கினால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். விசுவாசிகள் வீட்டில் கூடுதலாக, வலி என்பது சுமக்க வேண்டிய சிலுவை என்ற பேச்சும் எழும். தனக்கு வலிக்காதவர்களே பெரும்பாலும் அதைச் சொல்கிறார்கள். அங்கே கோபப்படக்கூடாது என்று என் நோட்டில் இரண்டு இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்போது வீடுகளுக்குப் போய்வருகிறேன். அங்கி இல்லாதது ஒருவகையில் நல்லதாகப் போயிற்று. குருவானவர் வாசலில் வந்து நின்றாலே நாள் குறித்தாகிவிட்டது என்று எண்ணுகிற நோயாளர்கள் இருக்கிறார்கள். ஏறக்குறைய எல்லா வீட்டிலும், செருப்பைக் கழற்றும்போதே, “அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சொல்லிராதீங்க” என்று யாராவது காதருகே சொல்கிறார்கள். நானாக எதையும் சொல்லமாட்டேன், அவர்களே கேட்டால் பொய்யும் சொல்லமாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டே உள்ளே போகிறேன். இதற்காக என்னை உள்ளே விடாத வீடுகளும் உண்டு. அவர்கள்மீது எனக்கு வருத்தமில்லை. நானும் ஒரு காலத்தில் அந்த வாசலில் நின்றவன்.

சென்ற மாதம் ஓர் அம்மாவின் மகன் இப்படித்தான் எச்சரித்து அனுப்பினார். அவர் பால் வாங்கிவரக் கடைக்குப் போன இடைவெளியில், “எனக்கு ரொம்ப நாள் இல்ல, அப்படித்தான தம்பி?” என்று அம்மா கேட்டார். “உங்களுக்கு என்னம்மா தோணுது?” என்றேன். சுவரில் மாட்டியிருந்த கணவரின் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் அவருக்குப் பக்கத்து இடம் இன்னும் தன் பெயரில்தான் இருக்கிறதா என்று தெரிய வேண்டும் என்றார். மறுநாள் எங்கள் வட்டாரச் சபைகளின் நிர்வாகத்தைப் பார்க்கும் சேகர அலுவலகத்துக்குப் போய்ப் பழைய பதிவேட்டைப் புரட்டினேன். இடம் அவர் பெயரில்தான் இருந்தது. சாயங்காலமே போய்ச் சொன்னேன். அவர் நிம்மதியாகத் தலையணையில் சாய்ந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, “மெதுவா எம்மவன்கிட்ட நீங்களே சொல்லுங்க. அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.