பேட்டில் கிரீக்கில் கிடைத்த மாண்டோலா

போன அக்டோபரில் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக்கில் ஒரு எஸ்டேட் சேல். வீட்டுப் பெரியவர் காலமான பிறகு சாமான்களை அந்த வீட்டிலேயே பரப்பி வைத்து விற்பார்கள். நான் இருக்கும் லான்சிங்கிலிருந்து காரில் ஒரு மணி நேரம்தான். விளம்பரத்தில் "பழைய மாண்டலின், பழுது" என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். படம்கூட இல்லை.

சமையலறை மேஜைமேல் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். விற்றுக்கொண்டிருந்தவர் அந்த வீட்டுப் பேத்தி. "தாத்தாவின் அப்பா வாசித்தது. இதில் தந்தியே நிற்பதில்லை. இரண்டு தடவை கடையில் கொடுத்துப் புதுசு போட்டோம். இரண்டு தடவையும் கீழ்க்கோடித் தந்திகள் படார் படாரென்று அறுந்துவிட்டன. தந்தி முறுக்கும் பிரடையில் கோளாறு என்றார்கள்" என்றார்.

பார்த்ததுமே ஏதோ உறுத்தியது. உடம்பு கொஞ்சம் அகலமாக இருந்தது. டேப்பை எடுத்து, கழுத்தின் தலைப்பக்கம் தந்தி தொடங்கும் மேருவிலிருந்து 12ஆவது மெட்டு வரை அளந்தேன். தந்தியின் சரிபாதி அது. 7⅞ அங்குலம். இரட்டித்தால் 15¾. இந்தப் பக்கத்துக் கம்பெனியான கிப்ஸன் செய்த மாண்டலின் என்றால் அந்த நீளம் 13⅞ தான் வரும். கையில் இருந்தது மாண்டலினே இல்லை, மாண்டோலா.

பிரடையில் ஒரு கோளாறும் இல்லை. மாண்டலினில் ஜி, டி, ஏ, ஈ என்று நாலு ஜோடித் தந்தி. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம், அதாவது ச-விலிருந்து ப தூரம் மேலே. மாண்டோலாவிலும் அதே இடைவெளிதான், ஆனால் ஒரு பஞ்சமம் கீழே தொடங்கும்: சி, ஜி, டி, ஏ. அதில் ஈ தந்தியே கிடையாது. மாண்டலின் என்று நினைத்து அதன் தந்தியைப் போட்டு, இரண்டு அங்குலம் நீளமான வாத்தியத்தில் ஈ வரைக்கும் முறுக்கினால் கம்பி என்ன செய்யும்? அறுந்ததே நல்லதாகப் போயிற்று. அறாமல் இருந்திருந்தால் நூறு வயதுப் பலகை அந்த இழுப்பைத் தினமும் தாங்கியிருக்க வேண்டும். பெயர் தப்பிப்போனதால் கட்டிய தந்தியும் தப்பிப்போய், அதனால் மேல்பலகை குழிந்த வாத்தியங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எதைப் பார்த்தாலும் இது என்ன வாத்தியம் என்று அளந்து தெரிந்துகொள்ளாமல் ஒரு தந்தியைக்கூட நான் தொடுவதில்லை.

எனக்கு மாண்டலின் என்றால் அது ஸ்ரீநிவாஸ்தான். அப்பாவிடம் அவருடைய கேசட்டுகள் இருந்தன. 2014இல் அவர் போன செய்தி வந்த அன்று நான் ஆபீசிலிருந்து பாதியில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் வாசித்தது மின்சார மாண்டலின். ஜோடி கிடையாது, ஒற்றைத் தந்திகள் ஐந்து. கமகம் பிடிக்க அதுதான் தோது. மிச்சிகனுக்கு வந்த பிறகு ஒரு பழைய சாமான் கடையில், மெருகு கறுத்துப்போய், எட்டுத் தந்தியோடு ஒரு மர மாண்டலினைப் பார்த்தேன். இதற்கும் அதே பெயரா என்று அன்றைக்குத் தொடங்கிய தேடல் பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறது.

அதற்கு இந்த ஊர்ப்பக்கம் தோதான இடமும்கூட. 1880இல் ஸ்பெயினிலிருந்து ஒரு மாணவர் இசைக்குழு நியூயார்க்கில் வந்து இறங்கியது. அவர்கள் வாசித்தது பந்தூரியா. இங்கே குடியேறியிருந்த இத்தாலியர்கள் அதே பாணியில் தங்கள் மாண்டலினோடு குழு கட்டினார்கள். அடுத்த நாற்பது வருஷம் நாடு முழுக்க அதே பித்து. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் போல மாண்டலின், மாண்டோலா, மாண்டோசெல்லோ, மாண்டோபேஸ் என்று ஒரு குடும்பமே உருவானது. இதே மிச்சிகனில், காலமசூ நகரத்தில் ஆர்வில் கிப்ஸன் என்பவர், இத்தாலிய மாண்டலின் மாதிரி பட்டைகளை வளைத்து ஒட்டிய குடத்தை விட்டுவிட்டு, வயலின் போலப் பலகையைச் செதுக்கினார். 1898இல் அதற்குக் காப்புரிமை. 1902இல் அவர் பெயரில் கம்பெனி. சங்கீத வாத்தியார்களையே ஏஜென்ட்டாக்கித் தவணையில் விற்றார்கள். பேத்தியின் கொள்ளுத்தாத்தாவும் அப்படித்தான் வாங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

சரி, வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். உள்ளே ஒட்டியிருந்த லேபிளில் பாதி கறை. ஆனால் லேபிளை நான் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் உலோகம். விரல் படாமல் காக்கும் பலகையை உடம்பின் ஓரத்தோடு பிடித்துக்கொள்ளும் சின்ன கிளாம்ப் இருக்கிறதே, அதில் காப்புரிமைத் தேதிகளைக் குத்தியிருப்பார்கள். ஒன்று 1909 மார்ச் 30, இன்னொன்று 1911 ஜூலை 4. இதில் இரண்டும் இருந்தன. அப்படியென்றால் 1911க்கு முன்னால் போக வழியில்லை. அப்புறம் குதிரை, அதாவது மேல்பலகைமேல் நின்று தந்திகளைத் தாங்கும் கட்டை. திருகு வைத்து ஏற்றி இறக்கும் குதிரைக்கு அவர்கள் காப்புரிமை வாங்கியது 1921இல். இதில் இருந்தது ஒரே கட்டை, அதன் கால்கள் மேல்பலகையின் வளைவுக்கு மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருந்தன. பின்னால் யாரோ மாற்றி வைத்த குதிரை அப்படிப் பொருந்தாது. தலைப்பகுதியில் மணி வடிவ மூடியும் இல்லை. கழுத்துக்குள் இரும்புத் தண்டு வைக்கத் தொடங்கிய 1922 வாக்கில்தான் அந்த மூடி வந்தது. ஆக, பத்து வருஷத்துக்குள் சுருங்கிவிட்டது.

அதற்குப் பிறகுதான் லேபிள். வரிசை எண்ணைப் பென்சிலால் எழுதியிருப்பார்கள். செல்போன் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றுமே தெரியவில்லை. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, துளையின் ஓரத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விட்டேன். பென்சில் அழுத்திய பள்ளத்தில் நிழல் விழுந்தது. முதலில் 3, அடுத்து 4. மற்ற மூன்றும் தெளியவில்லை. போதும். 34 ஆயிரம் என்றால் 1916 அல்லது 1917. காலமசூவில் பார்சன்ஸ் தெருத் தொழிற்சாலை எழும்பிய வருஷம் 1917. என் மாண்டோலா அங்கே பிறந்ததா, அதற்கு முந்தைய இடத்திலா என்று அந்த மூன்று எண்களுக்குத்தான் தெரியும்.

விரல் படாமல் காக்கும் அந்தப் பலகையைத் தனியாகக் கழற்றினேன். ஆமை ஓடு மாதிரி இருக்கும், ஆனால் ஓடு இல்லை. கட்டை விரலால் அதன் ஓரத்தைச் சூடேறும்வரை தேய்த்து மூக்கருகே கொண்டுபோனால் சூடம் வாசனை. நம் பூஜை அறை வாசனையேதான். செல்லுலாய்டைச் சூடம் சேர்த்துத்தான் செய்வார்கள். அந்த வாசனை வரும்வரை கவலையில்லை. புளித்த வாடை அடித்தாலோ, பக்கத்து உலோகத்தில் பச்சை பூத்தாலோ அது அழுகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து கிளம்பும் அமில ஆவி மூடிய பெட்டிக்குள் தந்தி, பிரடை எல்லாவற்றையும் தின்றுவிடும். 2019இல் என்னுடைய ஒரு ஏ மாடல் மாண்டலினுக்கு அப்படித்தான் ஆயிற்று. ஆறு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை. திறந்தபோது எட்டுப் பிரடைகளில் ஆறு இறுகிப் போயிருந்தன. இன்னும் மனசு ஆறவில்லை. இப்போது எல்லாப் பலகைகளும் காகித உறைக்குள், காற்றாடும் அலமாரியில்.

லேபிளை ஏன் கடைசியில் பார்க்கிறேன் என்று சொல்லவில்லையே. நான் முதன்முதலில் இணையத்தில் வாங்கிய குட மாண்டலினில் இத்தாலியில் நேப்பிள்ஸ் நகரத்துப் பெரிய மாண்டலின் கம்பெனி ஒன்றின் பெயர் லேபிளில் அழகாக அச்சிட்டிருந்தது. குடத்தில் ஒன்பதே பட்டை, ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். அந்தத் தரத்துக் கைவேலைக்காரர்கள் குறுகிய பட்டைகளை நெருக்கி நெருக்கி ஒட்டியிருப்பார்கள். ஒரு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், லேபிளின் ஒரு மூலையில் அதைவிடப் பழைய காகிதம் ஒன்று கறுப்பாக எட்டிப் பார்த்தது. காகிதத்தை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம். கிப்ஸன் கம்பெனியில் வேலை பார்த்த லாயிட் லோர் லேபிளில் கையெழுத்திட்ட 1922 முதல் 1924 வரையிலான எஃப்-5 மாடல் மாண்டலின்கள் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியும் விற்றிருக்கின்றன. அமெரிக்க புளூகிராஸ் இசைக் கலைஞர் பில் மன்ரோ வாசித்தது அதில் ஒன்று, 1923 ஜூலை 9 தேதியிட்டது. ஒரு கையெழுத்துக்கு அவ்வளவு விலை என்றால் போலி வராமல் இருக்குமா? மரமும் உலோகமும் ஒத்துக்கொண்ட பிறகு லேபிள் பேசட்டும்.

மாண்டோலாவுக்கான மெல்லிய தந்திகளை வரவழைத்துக் கட்டினேன். ஒரே நாளில் முழுச் சுருதிக்கு ஏற்றவில்லை. நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக. ஐந்தாம் நாள் சி தந்தியை மீட்டினேன், அதன் அதிர்வு நெஞ்செலும்பில் தெரிந்தது. மாண்டலினில் இது வராது. மாயாமாளவகௌளை சரளி வரிசையைத்தான் முதலில் வாசித்தேன். எனக்குத் தெரிந்த முதல் பாடம் அதுதானே.

அதைப் போனில் பதிவு செய்து அந்தப் பேத்திக்கு அனுப்பினேன், இது மாண்டோலா என்ற விவரத்தோடு. மறுநாள் ஒரு புகைப்படம் வந்தது. இரண்டு வரிசையாக உட்கார்ந்த ஒரு மாண்டலின் குழு. பின்வரிசையில் இடது கோடியில் கொள்ளுத்தாத்தா, மடியில் இதே வாத்தியம். முன்வரிசைக்காரர்களின் மாண்டலின்களைவிட அது அகலமாக இருப்பது படத்திலேயே தெரிகிறது.

அவருக்குப் பக்கத்தில் இருப்பவர் கையில் மாண்டோசெல்லோ.